குறுகிய தடத்தில் எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மலைத்தடம் எழுதியது:

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய செங்குத்தான மண்தடத்தில் நாங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. ஏறும் வண்டிக்கே முதலில் வழி விடுவது பரவலான வழக்கம். ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் நகரும்போது சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும், சரிவில் ரிவர்ஸில் இறங்குவதும் எளிதல்ல. ஆனால் எங்களுக்குப் பின்னால் மற்ற வண்டிகள் நெருக்கமாக நின்றன. ஜீப்புக்குச் சற்றுப் பின்னாலோ ஒதுங்குவதற்கு அகலமான இடம் இருந்தது. எங்கள் முதல் வண்டிக்காரர் ஹாரனைத் தொடாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியைக் கியரில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பேசினார். நிலைமையைப் பார்த்த ஜீப்காரர், வழக்கம் தம் பக்கம் இருந்தும், தாமே பின்வாங்குவதாகச் சொன்னார்.

உடனே எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று “லெஃப்ட்”, “ரைட்” என்று கத்தத் தொடங்கவே, அவர் வண்டியை நிறுத்தி, “யாராவது ஒருவர் மட்டும் சொல்லுங்கள்” என்றார். அது மிகச் சரியான பேச்சு. வழிகாட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும்; ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும்; வண்டி சறுக்கினால் எந்தப் பக்கம் வருமோ அங்கே நிற்கவே கூடாது. ஜீப்காரர் லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் அமைப்பு) ரிவர்ஸ் கியரைப் போட்டு, கிளட்சை மிதிக்காமல், எஞ்சினின் பிடியிலேயே ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் இறக்கினார். கிளட்சை மிதித்திருந்தால் வண்டி தன் எடையிலேயே உருளத் தொடங்கியிருக்கும். நாங்கள் கடக்கையில், ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை விரல்களால் காட்டினோம். கடைசியில் வந்தவர் மூடிய கையைக் காட்டிய பிறகே ஜீப் மறுபடி ஏறியது.

புழுதிச்சக்கரம் எழுதியது:

எனக்கு எதிர்ப்பட்டவை குதிரைகள். முன்னால் வந்த குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்ததைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சவாரி செய்தவர், “ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், உள்ளே இருப்பது மனிதர் என்று அதற்குத் தெரியட்டும்” என்றார். அவர்கள் வெகுதூரம் போன பிறகே வண்டியைக் கிளப்பினேன்.

சேற்றுத்தடம் எழுதியது:

சேற்றில் அச்சுவரை புதைந்திருந்த ஒரு வண்டியை இழுக்க, வழியில் வந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு, நீளும் மீட்புக் கயிற்றைத் தம் வண்டியின் பின்புறம் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் மாட்டப் போனார். எங்கள் குழுவின் மூத்தவர் பணிவாக, ஆனால் உறுதியாக, தடுத்துவிட்டார். அந்த உருண்டை இத்தகைய திடீர் இழுவைக்காகச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் கயிற்றில் சேர்ந்திருந்த விசை முழுவதும் அதைக் குண்டுபோல் எறியும், அதனால் உயிர் போனதும் உண்டு. உதவ வந்தவரிடம் இதைச் சொல்லச் சங்கடப்படுபவர்களே அதிகம். வேடிக்கை பார்த்தவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னிருந்த சேற்றை மண்வெட்டியால் வெட்டியெடுத்து, டயர்களில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தோம். கயிற்றை மாட்டுவதற்கு முன்பே வண்டி தானாக வெளியே வந்துவிட்டது. தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப, உதவ வந்தவரின் கம்ப்ரஸர்தான் கைகொடுத்தது.