நாலு வரிக்கு ஒரு திருத்தம்: மேக்ரோ எப்படி?

கேள்வி: சப்டைட்டில் கோப்பு. எண், நேரம், வசனம், வெற்று வரி என்று நாலு நாலாகப் போகிறது. எல்லா வசனத்துக்கும் முன்னால் சிறு கோடு போட வேண்டும். கையால் போட்டு மணிக்கட்டு வலிக்கிறது. நோட்பேட்++ எடிட்டர்தான் இருக்கிறது.

பதில்: மேக்ரோ என்றால் அழுத்தும் விசைகளைப் பதிந்து வைத்துத் திரும்ப ஓட்டுவது. மேக்ரோ மெனுவில் பதிவைத் தொடங்கி, முதல் வசன வரியில் ஹோம், கோடு, கீழ் அம்பு நாலு முறை, நிறுத்து. மவுஸைத் தொடாதீர்கள். அப்புறம் பலமுறை ஓட்டும் பெட்டியில் ‘கோப்பு முடியும்வரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பதில்: லினக்ஸா? வரிகளைத் திருத்தும் செட் (sed) கட்டளையில் வரி முகவரியை 3~4 என்று கொடுத்தால் 3, 7, 11 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் வரும் ஜிஎன்யூ செட்டுக்குத்தான் இது. மேக்கில் உள்ளது ஏற்காது.

கேட்டவர்: விண்டோஸ்தான். மேக்ரோ ஜோராகப் போனது, ஆனால் நடுவில் ஒரு வசனம் இரண்டு வரி. அங்கிருந்து கோடெல்லாம் நேர வரியில் விழுகிறது!

பதில்: விழத்தான் செய்யும். வரியை எண்ணுவதை விடுங்கள். கன்ட்ரோல் இசட் போட்டுவிட்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலில் (சொல்லை அல்ல, வடிவத்தை வைத்துத் தேடுவது) --> குறி உள்ள நேர வரியை அதன் வரிமுறிவோடு சேர்த்துப் பிடியுங்கள். மாற்றுப் பெட்டியில் அதையே திரும்ப வைத்து, பின்னால் கோடு. வசனம் எத்தனை வரியானாலும் கவலையில்லை.