அவசரம்: ராத்திரி ஆனதும் ஒரு ஓநாய்மனிதன் திரும்புச்சு, இன்னொண்ணு திரும்பல. எது சரி?

காட்டுப்பூனை
மேஜிக் தி கேதரிங் சீட்டாட்டத்துல ஓநாய்மனிதன் டெக் ஆடிட்டிருக்கேன், ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் ஓநாய்னு திரும்பற ரெண்டு பக்கக் கார்டுங்க. ராத்திரி ஆனதும் ஒரு கார்டு திரும்புச்சு, இன்னொண்ணு அப்படியே இருக்கு. அப்புறம் பகல் ஆச்சு, ஆனா திரும்பின கார்டு பழைய பக்கத்துக்கு வரல. எல்லாமே ஒரே பக்கமாத்தான் இருக்கணும்னு எதிர்ல இருக்கறவங்க சொல்றாங்க. ஆட்டம் பாதியில நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

மேனாவறட்சி
கார்டு பேரே போடலையே. எந்தெந்த கார்டு? ரெண்டு பேர் ஆட்டமா, பல பேர் ஆடற கமாண்டரா?

நாலாவதுசீட்
அதோட முந்தின டர்ன்ல என்ன நடந்துச்சுன்னும் வேணும். யாரோட டர்ன், அதுல யார் யார் எத்தனை ஸ்பெல் (செலவுக்கு மேனா தர்ற லேண்ட் தவிர மத்த கார்டு) போட்டாங்க? இது தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

சிவப்பும்பச்சையும்
கார்டு எதுவா இருந்தா என்ன, பதில் ஒண்ணுதான். 2021ல மிட்நைட் ஹன்ட் செட் வந்தப்பவே பழைய ஓநாய்மனிதன் எல்லாத்துக்கும் எர்ராட்டா (கார்டு வாசகத் திருத்தம்) குடுத்து டேபவுண்ட் (பகல்/இரவோட சேர்ந்து திரும்பற திறன்) ஆக்கிட்டாங்க. ராத்திரின்னா எல்லாம் ராத்திரி பக்கம், பகல்னா எல்லாம் பகல் பக்கம். எதிர்ல இருக்கறவங்க சொல்றதுதான் சரி.

அன்டாப்அப்கீப்டிரா
இல்லை, அப்படி எர்ராட்டா எதுவும் தரப்படவில்லை. 2011 இன்னிஸ்ட்ராட், 2012 டார்க் அசென்ஷன், 2016 ஷேடோஸ் ஓவர் இன்னிஸ்ட்ராட் செட்களின் ஓநாய்மனிதர்கள் இன்றைக்கும் தங்கள் சொந்த அப்கீப் ட்ரிகரால்தான் (டர்னின் தொடக்கத்தில் தானாக எழும் திறன்) திரும்புகிறார்கள். பகல்/இரவு டேபவுண்ட் (முன்பக்கம்), நைட்பவுண்ட் (பின்பக்கம்) என்ற சொல் அச்சான கார்டுகளுக்கு மட்டும். இரண்டு வகையும் ஒரே மேசையில் இருந்தால் வெவ்வேறு நேரத்தில் திரும்புவது இயல்பு. ஆனால் பகலாகியும் நைட்பவுண்ட் கார்டு திரும்பவில்லை என்பது இயல்பில்லை, அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். கார்டு பெயர்களைச் சொல்லுங்கள்.

பழையமேசை
தம்பி, ரூல் புக்ல டேபவுண்ட் பத்தி 702.145ன்னு ஒரு பகுதி இருக்கு. அதைப் படிக்காம ஓநாய்மனிதன் டெக் எடுத்துட்டு உக்காரக் கூடாது. இந்த ஒரே கேள்விய ஒவ்வொருத்தரா வந்து கேக்கறீங்க. பெயர் இல்ல, டர்ன் இல்ல, "சீக்கிரம் சொல்லுங்க" மட்டும் இருக்கு.

காட்டுப்பூனை
கமாண்டர், நாலு பேர். என் பக்கம் டோவொலார், ரெக்லெஸ் ஸ்டார்ம்சீக்கர், ஹன்ட்மாஸ்டர் ஆஃப் தி ஃபெல்ஸ். என் டர்ன்ல டோவொலாரோட அப்கீப் ட்ரிகரை மறந்துட்டேன், லேண்ட் மட்டும் போட்டேன், ஸ்பெல் எதுவும் இல்ல. அடுத்தவர் டர்ன்ல ராத்திரி ஆச்சு. டோவொலாரும் ஸ்டார்ம்சீக்கரும் திரும்புச்சு, ஹன்ட்மாஸ்டர் திரும்பல. அவர் ரெண்டு ஸ்பெல் போட்டார். அதுக்கடுத்தவர் டர்ன்ல பகல் ஆச்சு.

நாலாவதுசீட்
உங்க டர்ன்ல நீங்க போடல, சரி. மத்த மூணு பேர்ல யாராவது போட்டாங்களா? கேட்டதே அதுதான்.

மேனாவறட்சி
உங்க பக்கம் வேற எதுவும் இல்லவே இல்லையா? ஓநாய்மனிதனா இல்லாத கார்டையும் சேத்துச் சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

காட்டுப்பூனை
ஆமா, என் டர்ன்ல ஒருத்தர் லைட்னிங் போல்ட் (3 டேமேஜ் குடுக்கற ஸ்பெல்) போட்டு என் ஓநாய் டோக்கனை அடிச்சார். அது என் ஸ்பெல் இல்லையேன்னு எழுதல. இம்மர்வுல்ஃப் ஒண்ணு இருக்கு, முன்னாடியே இறக்கினது.

மேனாவறட்சி
இம்மர்வுல்ஃப்! சந்தேகப்பட்டது அதேதான்.

அன்டாப்அப்கீப்டிரா
இப்போது எல்லாம் பொருந்துகிறது. டோவொலாரின் மறந்த ட்ரிகரைத் தவிர்த்துப் பார்த்தால், உங்கள் மேசையில் இருப்பதுதான் சரியான நிலை.

முதலில் ராத்திரி. பகல்/இரவு மாற்றம் டர்னின் முதல் படியான அன்டாப் ஸ்டெப்பில், சாய்த்த கார்டுகளை நிமிர்த்துவதற்கு (அன்டாப்) முன் சரிபார்க்கப்படும். பார்க்க வேண்டியது ஒன்றே: முந்தைய டர்ன் யாருடையதோ அவர் தன் டர்னில் எத்தனை ஸ்பெல் காஸ்ட் செய்தார்? பகலாக இருந்து அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் இரவு. இரவாக இருந்து அவர் இரண்டோ அதற்கு மேலோ செய்திருந்தால் பகல். மற்றவர்கள் அந்த டர்னில் என்ன போட்டாலும் கணக்கில் வராது. ஆகவே போல்ட்டைத் தாண்டி இரவானது சரி. டோவொலாரும் ஸ்டார்ம்சீக்கரும் திரும்பியது சரி.

ஹன்ட்மாஸ்டர் டார்க் அசென்ஷன் கார்டு. ஒவ்வொரு அப்கீப்பிலும், போன டர்னில் எந்த ஸ்பெல்லும் காஸ்ட் ஆகவில்லை என்றால் திரும்பும். இதில் யார் போட்டது என்ற பேச்சே இல்லை. ஒரு போல்ட் போதும், ட்ரிகரே வராது. அதனால் அது மனித முகத்திலேயே நின்றது.

அடுத்தவர் இரண்டு ஸ்பெல் போட்டதால் பகல் வந்தது, அதுவும் சரி. ஆனால் மனிதன் அல்லாத ஓநாய்மனிதர்கள் திரும்ப முடியாது என்று இம்மர்வுல்ஃபில் எழுதியிருக்கிறது. டோவொலார், ஸ்டார்ம்சீக்கர் இரண்டின் பின்பக்கத்திலும் வகை வரி வெறும் ஓநாய்மனிதன்தான், மனிதன் என்ற சொல் கிடையாது. எனவே பகலிலும் அவை இரவு முகத்தோடு நிற்கும்.

பழையமேசை
கடைசி பத்தி தப்பு. டேபவுண்ட் கார்டு அதோட சொந்தத் திறனால மட்டுந்தான் திரும்பும், வேற எந்த கார்டும் அதுல தலையிட முடியாது. மனிதர்களைத் திருப்பற மூன்மிஸ்ட் கார்டு போட்டாலும் அதுங்க அசையாதுல்ல? அதே கணக்குதான் இம்மர்வுல்ஃபுக்கும். பகல் ஆனதும் திரும்பியே ஆகணும்.

அன்டாப்அப்கீப்டிரா
மூன்மிஸ்ட் விஷயம் சரி, இம்மர்வுல்ஃபுக்கு அது பொருந்தாது. மூன்மிஸ்ட் திருப்பப் பார்க்கிற கார்டு. டேபவுண்ட் வேறு எதனாலும் திருப்பப்படக் கூடாது என்பதால் அங்கே தோற்கிறது. இம்மர்வுல்ஃப் எதையும் திருப்புவதில்லை, திரும்ப விடாமல் தடுக்கிறது. ஒரு விளைவு செய் என்றும் இன்னொன்று முடியாது என்றும் சொன்னால் முடியாது என்பதே வெல்லும். இது ரூல் புத்தகத்தின் முதல் பகுதியிலேயே இருக்கும் பொன்விதி. நைட்பவுண்ட் திரும்பச் சொல்கிறது, இம்மர்வுல்ஃப் முடியாது என்கிறது, அவ்வளவுதான்.

நாலாவதுசீட்
இதுல மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு, சேத்துத் தெரிஞ்சுக்கங்க. பகல்ல இம்மர்வுல்ஃப் செத்தா அந்த நொடியே அத்தனை நைட்பவுண்டும் திரும்பிடும். ட்ரிகர் இல்ல, ஸ்டாக்ல (விளைவுகள் நடக்கக் காத்திருக்கற வரிசை) போகாது, யாரும் ரெஸ்பான்ஸ் பண்ண முடியாது.

கணக்கு பாருங்க. இரவு முகத்துல ஸ்டார்ம்சீக்கரோட பேர் ஸ்டார்ம்-சார்ஜ்டு ஸ்லாஷர், 3/4 (தாக்கற பவர் 3, தாங்கற டேமேஜ் 4). இம்மர்வுல்ஃப் இருந்தா 4/5. உங்க காம்பாட் தொடக்கத்துல அதோட ட்ரிகரை அதுக்கே குடுத்தா +2/+0, ட்ராம்பிளோட (பிளாக்கரை மீறின டேமேஜ் எதிராளிக்குப் போகும்) 6/5. பிளாக் போட்ட பிறகு எதிராளி இம்மர்வுல்ஃப் மேல போல்ட் போடறார். +1/+1 போச்சு, கார்டும் உடனே 2/3 ஸ்டார்ம்சீக்கரா மாறிடும். ஏற்கெனவே வாங்கின +2/+0, ட்ராம்பிள் மட்டும் டர்ன் முடியற வரைக்கும் ஒட்டிட்டிருக்கும், ஏன்னா அது அதே கார்டுதான். ஆக 6/5 இருந்தது 4/3. மூணு பவர் இருக்கற பிளாக்கர் அதைக் கொன்னுடும். பகல்ல இம்மர்வுல்ஃபை நம்பி அட்டாக் போறதுக்கு முன்னாடி எதிர்ல எத்தனை சிவப்பு மேனா அன்டாப்ல இருக்குன்னு பாத்துக்கங்க.

சிவப்பும்பச்சையும்
எர்ராட்டா இல்லன்னா குடுத்திருக்கணும். ஒரே மேசையில ரெண்டு கடிகாரம் ஓடுது. பொட்டியத் தொறந்து பழைய கார்டையும் புதுக் கார்டையும் கலந்து ஆடறவங்க தலைய பிச்சுக்கறதுதான் மிச்சம்.

நாலாவதுசீட்
குடுத்திருந்தா கார்டே வேற கார்டா மாறியிருக்கும். நாலு பேர் ஆட்டத்துல பழைய கார்டு திரும்பணும்னா ஒரு முழு டர்ன் நாலு பேரும் சும்மா இருக்கணும். புதுசுக்கு டர்ன்காரர் ஒருத்தர் சும்மா இருந்தா போதும். திரும்பி மனிதனா ஆகறதும் அப்படித்தான், பழசுல எந்த ஒரு ஆள் ரெண்டு ஸ்பெல் போட்டாலும் ஆகிடும்.

சிவப்பும்பச்சையும்
அதைத்தான் நானும் சொல்றேன். கமாண்டர்ல பழைய ஓநாய்மனிதனுங்க அனேகமா மனுஷனாவே செத்துடறாங்க. டேபவுண்ட் ஆக்கியிருந்தா அந்த 2011 கார்டெல்லாம் ஆட்டத்துக்கு உதவியிருக்கும்.

மேனாவறட்சி
ஆனா டேபவுண்ட் ஆகியிருந்தா மூன்மிஸ்ட் அந்த டெக்ல செத்த கார்டு. ரெண்டு மேனா இன்ஸ்டன்ட் (அடுத்தவர் டர்ன்லயும் போடக்கூடிய ஸ்பெல்), மனிதர்கள் எல்லாரும் திரும்பறாங்க, ஓநாயும் ஓநாய்மனிதனும் தவிர வேற எந்தக் கிரியேச்சரும் அந்த டர்ன் காம்பாட் டேமேஜ் குடுக்க முடியாது. பழைய டெக்கோட உயிரே அதுலதான் இருக்கு. அதைப் பிடுங்கிட்டு சௌகரியம் குடுக்கறது நியாயமா?

சிவப்பும்பச்சையும்
ஒரு இன்ஸ்டன்டுக்காக அத்தனை கார்டும் கஷ்டப்படணுமா?

அன்டாப்அப்கீப்டிரா
இந்தக் குறையைத் தீர்க்கத்தான் டோவொலார் இருக்கிறது. உங்கள் அப்கீப்பில் ஓநாய், ஓநாய்மனிதன் எல்லாம் சேர்த்து மூன்றாவது இருந்தால் இரவாகும், பிறகு உங்கள் மனித ஓநாய்மனிதர்களில் எத்தனை பேரை வேண்டுமானாலும் திருப்பலாம். அந்த இரண்டாவது பகுதி பழைய கார்டுகளுக்காகவே எழுதப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். போன டர்னில் ஒரு ஸ்பெல்லும் இல்லை என்றால் அன்டாப் ஸ்டெப்பிலேயே இரவாகி டோவொலார் பின்பக்கம் போய்விடும், அதன் அப்கீப் ட்ரிகர் வராது, ஹன்ட்மாஸ்டரின் ட்ரிகர் மட்டும் வரும். இரண்டு ட்ரிகரும் வந்து ஹன்ட்மாஸ்டர் போய்விட்டு உடனே திரும்பி வந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. பொதுவாகவும் ஒரு கார்டின் சொந்த ட்ரிகர் ஸ்டாக்கில் ஏறிய பிறகு அந்தக் கார்டு ஒருமுறை திரும்பியிருந்தால், அந்த ட்ரிகர் மறுபடி திருப்பாது.

மேனாவறட்சி
ஹன்ட்மாஸ்டரையும் இம்மர்வுல்ஃபையும் ஒண்ணா வைக்கறதே எனக்குப் பிடிக்காது. ஹன்ட்மாஸ்டரோட பலமே போய்ப் போய் வர்றதுலதான். மனித முகத்துக்கு வர்றப்ப எல்லாம் ஒரு 2/2 ஓநாய், 2 லைஃப். பின்பக்கமான ராவேஜர் ஆகறப்ப எல்லாம் எதிராளிக்கு 2, அவரோட கிரியேச்சர் ஒண்ணுக்கு 2 டேமேஜ். இம்மர்வுல்ஃப் இருந்தா ஒருதடவை ராவேஜர் ஆகி அங்கேயே உறைஞ்சு நிக்கும். டேபவுண்ட் மட்டும் இருக்கற டெக்ல இம்மர்வுல்ஃப் தங்கம். ஹன்ட்மாஸ்டர் இருந்தா ரெண்டுல ஒண்ண எடுத்துடுங்க.

கண்ணாடிஸ்லீவ்
இடையில கேக்கறேன், மன்னிக்கணும். டேபவுண்ட் கார்டான புரூட்டல் கேதாரை ராத்திரியில இறக்கினா எதிராளி கிரியேச்சரை எக்ஸைல் (மேசையில இருந்து விலக்கறது) பண்ணுமா? எங்க மேசையில பண்ணும்னு சொல்லிட்டாங்க.

பழையமேசை
பண்ணாது. இரவுல டேபவுண்ட் கார்டு பின்பக்கமாவே இறங்கும். இறங்கறது மூன்ரேஜ் புரூட், அதுல அந்த எக்ஸைல் ட்ரிகர் அச்சாகல. ஸ்டாக்ல இருக்கற வரைக்கும் முன்பக்கம், மேசைக்கு வர்றப்ப பின்பக்கம். கிரேவ்யார்டுல (செத்த கார்டுங்க போற குவியல்) இருந்து எடுத்து வெச்சாலும் அதேதான். அடுத்து பகல் வந்து கேதாரா திரும்பறப்ப எக்ஸைல் பண்ணும். மறுபடி ராத்திரி, மறுபடி பகல்னா இன்னொண்ணு போகும். எல்லாம் அந்தக் கார்டு மேசையைவிட்டுப் போற வரைக்கும் வெளியதான் இருக்கும்.

கண்ணாடிஸ்லீவ்
நன்றி. ஸ்பெல் எண்ணிக்கைக்கு இன்னொண்ணு: கவுன்டர் ஆன (தடுக்கப்பட்ட) ஸ்பெல், ஃப்ளாஷ்பேக் (கிரேவ்யார்டுல இருந்து போடறது), காப்பி, இதெல்லாம் சேருமா?

நாலாவதுசீட்
கவுன்டர் ஆனாலும் காஸ்ட் ஆனதுதான், சேரும். ஃப்ளாஷ்பேக் சேரும். ஸ்டாக்ல நேரா உருவாகற காப்பி காஸ்ட் இல்ல, சேராது. லேண்ட், சைக்ளிங் (கைக் கார்டை வீசிட்டு வேற எடுக்கறது), எபிலிட்டி எதுவும் சேராது. ஒரு தடவை பகல் வந்துட்டா டேபவுண்ட் கார்டு எல்லாம் செத்தாலும் பகல்/இரவு ஆட்டம் முடியற வரைக்கும் ஓடிட்டே இருக்கும், அதையும் எண்ணிட்டே வரணும். மேசை நடுவுல அந்தப் பகல்/இரவு கார்டை வெச்சு, டர்ன் முடிக்கறப்ப "நான் போட்டது இத்தனை"ன்னு வாயைத் தொறந்து சொல்லச் சொல்லுங்க. பாதி சண்டை அங்கேயே முடியும்.

உங்க பேரைப் பாத்துக் கேக்கறேன், நிஜமாவே பின்பக்கம் தெரியற ஸ்லீவா (கார்டு உறை)? ரெண்டு பக்கமும் அச்சான கார்டை அதுல போடக் கூடாது. டெக்ல எது ஓநாய்மனிதன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பின்பக்கம் ஒளி ஊடுருவாத ஸ்லீவ் போடுங்க, இல்லன்னா பதிலிக் கார்டை டெக்ல வெச்சு அசலைத் தனியா வெச்சுக்கங்க.

காட்டுப்பூனை
ஆட்டம் முடிஞ்சுது. சொன்னதைக் காட்டினேன், ஒத்துக்கிட்டாங்க. டோவொலாரும் ஸ்லாஷரும் ராத்திரி முகத்துலயே வெச்சு ஆடினோம். ரெண்டு டர்ன் கழிச்சு அட்டாக்ல இருக்கறப்ப இம்மர்வுல்ஃப் மேல போல்ட் வந்துச்சு, 4/3 கணக்கும் சரியா வந்துச்சு. நன்றி.

மேனாவறட்சி
ஹன்ட்மாஸ்டரை எடுக்கறீங்களா, இம்மர்வுல்ஃபையா?

சிவப்பும்பச்சையும்
இம்மர்வுல்ஃபை எடுக்காதீங்க. மூணு மேனாவுக்கு மத்த எல்லா ஓநாய்க்கும் +1/+1 குடுக்கற கார்டு அது. ஹன்ட்மாஸ்டர் இடத்துல இன்னொரு டேபவுண்ட் போடுங்க. அவுட்லேண்ட் லிபரேட்டர் ரெண்டு மேனாதான், ராத்திரி முகத்துல அட்டாக் போறப்ப எல்லாம் எதிராளியோட ஆர்ட்டிஃபேக்ட் இல்லன்னா என்சான்ட்மென்ட் ஒண்ணு உடையும். கமாண்டர்ல சோல் ரிங்ங்கற ஆர்ட்டிஃபேக்ட் இல்லாத மேசை எங்க இருக்கு?