உதவி: யாங்கீஸ் – ரெட் சாக்ஸ் கனவுத் தொடர், யாங்கீஸ் தோற்றுக்கொண்டே இருக்கிறது

இடக்கைக்_கணக்கு:
வணக்கம். பைத்தானில் நானே எழுதிய பேஸ்பால் நிரல். நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் இரண்டு அணிகளின் பழைய ஆட்டக்காரர்களையும் மோதவிடுகிறேன். ஏழு ஆட்டத் தொடர், 1000 முறை. பாஸ்டன் 862 முறை ஜெயிக்கிறது. ரூத், கெரிக், டிமாஜியோ, மேன்டில் மாதிரி பெரிய மட்டையாளர்கள் இருக்கும் யாங்கீஸ் இப்படியா தோற்கும்? ராத்திரி முழுக்கப் பார்த்தும் தவறு பிடிபடவில்லை. நாளை நண்பர்களுக்குக் காட்ட வேண்டும், அவசரம்.

மூன்றாம்_பேஸ்:
எந்த ஆண்டு ரூத்? எந்த மைதானம்? பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) யார்? எதுவுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

பச்சைச்_சுவர்:
மைதானம்தான், சந்தேகமே வேண்டாம். எல்லா ஆட்டத்தையும் பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் வைத்திருப்பீர்கள். ரூத் இடக்கை மட்டையாளர், வலதுபக்கம்தான் அதிகம் அடிப்பார். பழைய யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலை 295 அடிதான். ஃபென்வேயில் வலதுபக்க புல்பென் (பிட்சர்கள் தயாராகும் இடம்) வேலி 380 அடி. அடித்த பந்தெல்லாம் கேட்ச் ஆகும்.

இடக்கைக்_கணக்கு:
மைதானக் கணக்கே நிரலில் இல்லை. எல்லோருக்கும் அவரவர் உச்ச ஆண்டு. லாமன் பேஸ்பால் புள்ளிவிவரத் தரவிலிருந்து எடுத்தேன்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தம்பி, வெறும் எண்ணை மோதவிட்டால் இப்படித்தான். 1916-இல் ரூத் பாஸ்டன் பிட்சராக 1.75 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது), 2000-இல் பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் 1.74. இரண்டும் ஒன்றா? 1916-இல் அமெரிக்கன் லீக் சராசரியே 2.82. 2000-இல் 4.91. முதலில் பில் ஜேம்ஸின் லாக்-ஃபைவ் சூத்திரம் (இரு பக்கத்தின் பலத்தை வைத்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவது) என்ன என்று படித்துவிட்டு, லீக் சராசரியையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்_பேஸ்:
அது சரி, ஆனால் பெட்ரோ ஏழு ஆட்டத்திலும் எறிகிறாரா? அதைச் சொல்லுங்கள்.

பச்சைச்_சுவர்:
லீக் சராசரி சேர்த்தால் ரூத் இன்னும் பெரிய ஆள் ஆவார். 1927-இல் அவர் அடித்த 60 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அந்த லீக்கில் மற்ற எந்த முழு அணியும் அடிக்காதது.

எட்டாவது_இன்னிங்ஸ்:
யாரை எதிர்த்து அடித்தார்? 1947-க்கு முன் இந்த லீக்குகளில் கறுப்பின பிட்சர் ஒருவர்கூடக் கிடையாது. பாஸ்டன் 1959 வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக்கூட இறக்கவில்லை. சாட்செல் பெய்ஜ் மாதிரி கறுப்பின பிட்சர் இல்லாத கனவுத் தொடர் என்ன கனவு?

பச்சைச்_சுவர்:
அது ரூத்தின் குற்றமா?

எட்டாவது_இன்னிங்ஸ்:
குற்றம் என்று யார் சொன்னது? 2024-இல் நீக்ரோ லீக் (கறுப்பினத்தவர் தனியாக ஆடிய லீக்) கணக்குகளை அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி அந்த லீக்கின் ஜாஷ் கிப்சன் மேலே போனார், .372. இதுவரை பார்த்த பட்டியல் பாதிப் பட்டியல் என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
இதற்குத் தனி இழை இருக்கிறது.

இடக்கைக்_கணக்கு:
ஐயா, சண்டை வேண்டாம். பாஸ்டன் பிட்சர்கள்: பெட்ரோ 2000, சை யங் 1901, ரூத் 1916. பேட்டிங்கில் வில்லியம்ஸ் 1941, யாஸ்ட்ரெம்ஸ்கி 1967.

ஏழாம்_எண்:
ஒரு நிமிடம். ரூத் இரண்டு அணியிலும் இருக்கிறாரா? பேட்டிங் கணக்கை ஒரே டிக்ஷனரியில் (ஒரு சாவிக்கு ஒரே மதிப்பு வைக்கும் பைத்தான் அட்டவணை) ஆட்டக்காரர் ஐடியை மட்டும் சாவியாக வைத்துத்தானே போட்டிருக்கிறீர்கள்? இரண்டு ரூத்துக்கும் ஐடி ஒன்றுதான். பாஸ்டனைப் பிறகு ஏற்றினால் 1927 ரூத் அழிந்து 1916 ரூத் உட்கார்ந்துவிடுவார். அந்த ஆண்டு அவர் அடித்தது 3 ஹோம் ரன். யாங்கீஸ் ரூத் உங்கள் நிரலில் எத்தனை அடிக்கிறார் என்று அச்சிட்டுப் பாருங்கள்.

மூன்றாம்_பேஸ்:
ஆகா. அப்போது யாங்கீஸ் ஒரு பிட்சரின் மட்டையோடு ஆடியிருக்கிறது!

பச்சைச்_சுவர்:
மைதானத்தையும் சேர்த்துப் பாருங்கள், எதற்கும்.

இடக்கைக்_கணக்கு:
அதேதான். சாவியில் ஆண்டையும் சேர்த்தேன். இப்போது பாஸ்டன் 640. நன்றி.

மூன்றாம்_பேஸ்:
640 இன்னும் அதிகம். பெட்ரோ எத்தனை ஆட்டம் எறிகிறார்?

பழைய_ஸ்கோர்ஷீட்:
லீக் சராசரி சேர்த்தீர்களா?

மூன்றாம்_பேஸ்:
தம்பி?