சூரியநெல்லி – போடி குடும்பக் குழு: பிரசவ ஏற்பாடு

*சூரியநெல்லி மாப்பிள்ளை:* சித்தி, வணக்கம். என் மனைவிக்குக் கர்ப்பம் 36 வாரம் முடிந்துவிட்டது. மழை விடவில்லை, இரவானால் சின்னக்கானல் சாலையில் யானை நிற்கிறது என்று ஜீப்காரர்கள் வர மறுக்கிறார்கள். நடுராத்திரியில் வலி எடுத்து, மண் சரிந்து வழியும் அடைபட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுங்கள்.

*போடி சித்தி:* எழுதுகிறேன், மாப்பிள்ளை. வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாத ஒரு ராத்திரிக்காகத்தான் சொல்கிறேன். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட வேகமாக நடந்துவிடும். ஆகவே, விடியட்டும் என்று காத்திருக்காமல், வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமோ பனிக்குடம் உடைந்ததுமோ 108-ஐ அழைத்துவிடுங்கள். எல்லைப் பக்கம் என்பதால் அழைப்பு தமிழ்நாட்டு 108 கட்டுப்பாட்டு அறைக்குப் போகவும் கூடும். எடுத்தவுடன் "இடுக்கி மாவட்டம், சூரியநெல்லி" என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

*தங்கச்சி:* மலம் கழிக்க வேண்டும் போல முக்கல் வந்தால் என்ன செய்வது, சித்தி?

*போடி சித்தி:* கழிப்பறைக்கும் போகாதே, ஜீப்பிலும் ஏறாதே, கண்ணு. குழந்தை வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். சுத்தமான விரிப்பின் மேல் பக்கவாட்டில் படுத்துக்கொள். பார்க்கிறவர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, தலை வரும்போது உள்ளங்கையால் மெதுவாகத் தாங்கினால் போதும், இழுக்கக் கூடாது. கழுத்தில் தொப்புள்கொடி தளர்வாகச் சுற்றியிருந்தால் தலைவழியே மெதுவாகக் கழற்றிவிடலாம். தலைக்குப் பதிலாகக் கொடி முதலில் வந்துவிட்டால் அதைத் தொடாமல், முழங்காலும் முழங்கையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கி வைத்திரு; கட்டுப்பாட்டு அறையிடம் அதை உடனே சொல்ல வேண்டும்.

*அம்மா:* எஸ்டேட் லயத்து வீடுகளில் எங்கள் அத்தைமார் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார்கள்! நான் புது பிளேடும் நூலும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

*போடி சித்தி:* அவர்கள் கை ராசியான கைதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அந்த லயங்களில் எத்தனை தாய்மார் ரத்தப்போக்கில் போனார்கள் என்பதும் உனக்குத் தெரியும். பிளேடை எடுக்கவே வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை கொடி அப்படியே இருக்கட்டும். அறுக்க எந்த அவசரமும் இல்லை. நீ செய்ய வேண்டிய பெரிய வேலை குழந்தையைத் துடைப்பதுதான். காய்ந்த துண்டால் உடம்பையும் முதுகையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, ஈரத் துண்டை எறிந்துவிட்டு, தாயின் வெறும் மார்பின்மேல் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்து. தலைக்குக் குல்லா வை. அந்தக் குளிரில் குழந்தையின் உடம்பு சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்டாதே. தேனும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். தொப்புளில் மஞ்சளும் சாம்பலும் வேண்டாம்.

*அம்மா:* பிள்ளை நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்காமலா?

*போடி சித்தி:* சேனை வைக்காமல்தான். உடனே தாய்ப்பால் கொடுத்தால் கருப்பை சுருங்கி ரத்தம் கட்டுப்பட உதவும். நஞ்சு (நஞ்சுக்கொடி) பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக வரும்; தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் ஆபத்து. வந்த பிறகு தொப்புளுக்குக் கீழே கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இளகியிருந்தால் உள்ளங்கையால் வட்டமாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். நஞ்சையும் ரத்தத் துணிகளையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எவ்வளவு ரத்தம் போயிற்று என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் கணிப்பார்.

*நான்:* தங்கச்சிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், சித்தி.

*போடி சித்தி:* அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். வீட்டில் சுகமாகப் பிறந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க முடியாது. குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் அடுத்த கர்ப்பத்தைக் காப்பதற்கான ஆன்டி-டி ஊசியைத் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசியும் முதல் தடுப்பூசிகளும் இருக்கின்றன. என் யோசனையைக் கேட்டால், இத்தனையும் படித்து வைத்துக்கொண்டு மலையில் உட்கார்ந்திருப்பதைவிட, பிள்ளையை இப்போதே போடிக்கு அனுப்பிவிடுங்கள். என் வீட்டிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சமதளச் சாலைதான். அங்கே ரத்த வங்கியும் இருக்கிறது.

*சூரியநெல்லி மாப்பிள்ளை:* எங்கள் அட்டையெல்லாம் கேரளத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில் பதிவானால் பின்னால் சிக்கல் வராதா?

*நான்:* மாப்பிள்ளை, பிறந்த இடத்தில்தான் பதிவாகும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். வீட்டில் பிறந்தால்தான் நீங்கள் 21 நாட்களுக்குள் பஞ்சாயத்துக்குச் சென்று சொல்ல வேண்டியிருக்கும். தாய்சேய் அட்டையையும் ஸ்கேன் காகிதங்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

*ஜீப் மாமா:* ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஜீப்பைக் கொண்டுவருகிறேன். பூப்பாறை, போடிமெட்டு வழியாக மெதுவாக இறக்கிவிடுகிறேன். முன் இருக்கையில் தலையணை வேண்டும். அக்கா, குல்லாவும் துண்டுகளும் கையில் எடுக்கும்படி தனிப் பையில் இருக்கட்டும். வழியிலேயே வலி வந்தாலும் தேட வேண்டியிருக்காது.

*தங்கச்சி:* சரி மாமா. பெரியவனையும் அழைத்து வருகிறேன். அவனுக்கு வளைவுகளில் வாந்தி வரும், ஒரு கவரும் வைத்துக்கொள்ளுங்கள்.