பரம்பரை ஆஞ்சியோஎடிமா: இகாடிபான்ட் ஊசியை எப்போது போடுவது?

கேள்வி:
பரம்பரை ஆஞ்சியோஎடிமா (உடலில் திடீர் திடீரென வீக்கம் வரும் மரபு நோய்) உள்ள என் 22 வயது மகளுக்காக இகாடிபான்ட் ஊசியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீக்கம் தொடங்கியவுடன் போட வேண்டுமா, சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமா? முன்பு ஒவ்வாமை மருந்துகள் கொடுத்தும் வீக்கம் வடியாததைப் பார்த்ததிலிருந்து மனம் பதைக்கிறது.

பதில் 1:
ஒவ்வாமை மருந்துகள் பலிக்காததில் வியப்பில்லை. இந்த வீக்கத்துக்குக் காரணம் ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் அல்ல. பெரும்பாலானோருக்கு, சி1 தடுப்பான் புரதக் குறைபாட்டால் மிகுதியாக உருவாகும் பிராடிகினின் என்னும் வேதிப்பொருள் இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கிறது. அந்தப் பிராடிகினின் பற்றிக்கொள்ளும் பி2 ஏற்பியை இகாடிபான்ட் அடைத்துவிடுவதால், தொடக்கத்திலேயே போட்டால் வீக்கம் விரைவில் அடங்கும். பொறுத்துப் பார்ப்பது வீண் வேதனை என்பதே என் கருத்து.

பதில் 2:
நான் 6 ஆண்டுகளாக இதைப் போட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு 30 மில்லிகிராம். வயிற்றுத் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்த வேண்டும். போட்ட இடம் சிவந்து எரியும், பிறகு தானாகத் தணிந்துவிடும். வீக்கம் குறையாவிட்டால் 6 மணி நேரம் கழித்து மறுபடி போடலாம். 24 மணி நேரத்தில் 3 ஊசிக்கு மேல் கூடாது.

பதில் 3:
தொண்டையில் வீக்கம் தெரிந்தால், ஊசி போட்டபின் சற்று ஆறுதலாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், மூச்சுப்பாதை அடைபடக்கூடும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டை மகளிடம் எப்போதும் இருக்கட்டும்.