பழைய டிரை கிளீனிங் கடை இருந்த மனை: மண்ணில் நெடி அடிக்கிறது, என்ன செய்வது?

வண்ணைவாசி:
பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா வாங்கிப் போட்ட மனை. இருபது வருடத்துக்கு மேல் டிரை கிளீனிங் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இப்போது வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறோம். மெஷின் நின்ற இடத்தில் மூன்றடி போனதும் இனிப்பாக ஒரு நெடி. தோண்டியவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வேலையை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி, "நாலு லோடு அள்ளி கொடுங்கையூர் பக்கம் கொட்டிட்டு, புது மணல் போட்டு மூடிடலாம் சார்" என்கிறார். பக்கத்து வீட்டில் போர் தண்ணீர்தான், கைக்குழந்தை வேறு இருக்கிறது. டிடிஎஸ் மீட்டரில் வழக்கமான அளவுதான் காட்டுகிறது. பயப்பட வேண்டியதில்லையா?

நிலத்தடிநீர்:
நிறுத்தியது நல்லது. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், இந்த மாதிரி ரசாயனம் அதில் தெரியாது. கடையில் எதை ஊற்றித் துவைத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ‘பெட்ரோல் வாஷ்’ என்றால் மண்ணெண்ணெய் வாடை வரும். இனிப்பு நெடி என்றால் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற டிரை கிளீனிங் கரைப்பானாக இருக்கலாம், சுருக்கமாக பெர்க் என்பார்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து கிணற்றிலும் போரிலும் எண்ணெய் வந்ததே, அது தண்ணீர் மேல் மிதந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மணலில் இறங்கி, களிமண் தட்டில் போய்த் தேங்கும். அதனால் அங்கே புதிதாக போர் மட்டும் போட்டுவிடாதீர்கள். களிமண்ணைத் துளைத்தால் கீழ் ஊற்றுக்கும் நாமே வழி விட்டதாகிவிடும்.

வண்ணைவாசி:
கடையில் வேலை பார்த்த பெரியவரைப் பிடித்தேன். பெர்க்தான். மெஷினில் தங்கும் கசடைப் பின்பக்கம் குழியில் ஊற்றுவார்களாம். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

ராயபுரம் அம்மா:
வேண்டாம் தம்பி. கொதிக்க வைத்தால் அது ஆவியாகிச் சமையலறைக் காற்றில்தான் கலக்கும். அந்தப் போரில் குழந்தையைக் குளிப்பாட்டவும் வேண்டாம். முடிவு தெரியும்வரை மெட்ரோ வாட்டர் போதும். லாரியையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். கொடுங்கையூரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நிலத்தடிநீர்:
அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள். பெர்க் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. மேலே புது மணல் போட்டு மூடினாலும் ஆவி தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025இல் ஒன்றிய அரசின் தனி விதிகள் வந்துள்ளன. கசடு கலந்த மண்ணை எடுத்தால் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அபாயக் கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் முழுவதையும் தோண்ட வேண்டியிராது. மணலில் குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி, ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக விடலாம், நம் பக்கத்து மணலுக்கு அது நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் ஏறியதுதான் லேசில் வராது.

வண்ணைவாசி:
லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோண்டிய மண்ணைத் தார்பாய் விரித்து மூடியாயிற்று. அக்கா வீட்டிலும் போரை நிறுத்திவிட்டார்கள். சாம்பிளை பிளாஸ்டிக் கவரில் எடுத்துப் போகலாமா?

நிலத்தடிநீர்:
கூடாது, பறந்துவிடும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் கண்ணாடிக் குப்பி கேளுங்கள், அவர்கள் ஆளே வந்து எடுப்பது இன்னும் நல்லது. தண்ணீரைக் குமிழி இல்லாமல் வழிய நிரப்பி, ஐஸ் பெட்டியில் அன்றே சேர்க்க வேண்டும். பெர்க்கோடு வினைல் குளோரைடு என்ற நச்சு ரசாயனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பெர்க் மண்ணுக்குள் சிதையும்போது அதுவாகவும் மாறும். அக்கா வீட்டு போரிலிருந்தே முதல் குப்பியை எடுங்கள்.