எச்.எம்.வி. 101-க்கு ஒரிஜினல் சவுண்ட் பாக்ஸும் கைப்பிடியும் எங்கே கிடைக்கும்?

புதுக்கோட்டை பேரன்:

வணக்கம். தாத்தா வீட்டுப் பரணில் இருந்து ஒரு கிராமபோனை இறக்கியிருக்கிறேன். கொம்பு கிடையாது. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் வகை, கறுப்பு ரெக்சின் ஒட்டியது. படங்களோடு ஒப்பிட்டதில் எச்.எம்.வி. 101 என்று தெரிகிறது. ஊசியைப் பிடித்து அதன் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸில் 4 என்று எண் இருக்கிறது, முகத்தில் மைக்கா (அப்பிரகம்) தகடு.

சாவி கொடுக்கும் கைப்பிடி காணோம். லேத் பட்டறையில் ஒப்புக்கு ஒன்று செய்து ஓட்டிப் பார்த்தேன். பாட்டு வருகிறது, ஆனால் கூடவே ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல். நடுநடுவே பெட்டிக்குள் ‘தொம்’ என்று அடிக்கிறது, தட்டு ஒரு நொடி தடுமாறி மறுபடி ஓடுகிறது. ஒரு வியாபாரியிடம் கேட்டதற்கு, “சவுண்ட் பாக்ஸ் போய்விட்டது, ஸ்பிரிங்கும் போய்விட்டது, ரெண்டும் ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது, ஆறாயிரம்” என்கிறார். அபூர்வப் பொருள் என்பதால் அந்த விலையாம். எல்லாமே அசலாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தேடலாம்?

மயிலை மணி:

மும்பை சோர் பஜார் போங்கள், மட்டன் தெருவில் எல்லாம் கிடைக்கும். நான் பித்தளைக் கொம்பு வைத்த எச்.எம்.வி. ஒன்றை அங்கேதான் வாங்கினேன். 1910-ஆம் வருடத்துச் சரக்கு, பளபளவென்று இருக்கிறது. கொம்பு இல்லாமல் அது என்ன கிராமபோன் சார்!

சவுண்ட் சர்வீஸ் வீட்டுப் பிள்ளை, திண்டுக்கல்:

தம்பி, அந்த ஆறாயிரத்தைப் பையிலேயே வையுங்கள்.

எங்கள் அப்பா கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். மின்சாரம் வராத ஊர்களுக்குப் போகும்போது சாவிப் பெட்டியும் வண்டியில் ஏறும். ஆகவே இந்தப் பெட்டிகளின் வயிற்றைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று: 101 அபூர்வம் இல்லை. 1925 முதல் 1931 வரை ஏராளமாகச் செய்தார்கள், அதற்குப் பின் வந்த 102 இன்னும் ஏராளம். வருத்தப்படாதீர்கள், அபூர்வம் இல்லாததால்தான் உதிரி கிடைக்கும்.

ஈ இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர். மைக்கா தகட்டை முன்னும் பின்னும் இரண்டு ரப்பர் வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். தொண்ணூறு வருடத்தில் அது கல்லாகிவிடும். தகடு அசைய இடமில்லாமல் விளிம்பில் அடித்துக்கொள்ளும். அதற்கு அப்பா போட்டது சைக்கிள் வால்வ் டியூப். சிரிக்காதீர்கள். சரியான நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையும் இடித்துக்கொள்ளாமலும் இடைவெளி விடாமலும் வைப்பதில்தான் வேலை இருக்கிறது. தகட்டின் நடுவில் ஊசிக் கம்பியைப் பிடிக்கும் குட்டித் திருகைச் சுற்றித் தேன்மெழுகு ஒரு சொட்டு விட்டிருப்பார்கள். அது உதிர்ந்திருந்தாலும் இரையும். மைக்கா ஏடு ஏடாகப் பிரியவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம். அதுதான் உங்கள் அசல்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். அந்தக் காலத்து வார்ப்புகள் பலவும் துத்தநாகக் கலவை. அதில் ஈயம் கலந்திருந்தால் வருடக்கணக்கில் உள்ளிருந்தே உப்பி வெடிக்கும். சவுண்ட் பாக்ஸின் முதுகில் மயிரிழை விரிசல் தெரிந்தால் திருகை முறுக்காதீர்கள், பிஸ்கட் மாதிரி உடையும். அதற்கு வைத்தியம் கிடையாது, வேறு சவுண்ட் பாக்ஸ் தேட வேண்டியதுதான்.

‘தொம்’ சத்தம் ஸ்பிரிங் உடைந்ததால் அல்ல. உடைந்திருந்தால் சாவியே ஏறாது. பழைய கிரீஸ் காய்ந்து சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, திடீரென்று விடுபடும்போது அந்த அடி. கழுவி, வாசலினில் கிராஃபைட் பொடி குழைத்துப் பூசினால் அடங்கும். ஆனால் ஸ்பிரிங் டப்பாவை நீங்கள் திறக்காதீர்கள். அப்பாவின் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருந்தது, அது ஒரு ஸ்பிரிங் கொடுத்தது. பழைய சுவர்க்கடிகாரம் பார்ப்பவரிடம் கொடுங்கள். எதைக் கழற்றுவதற்கு முன்பும் சாவி முழுக்க இறங்கும்வரை ஓட விடுங்கள். முறுக்கோடு கவர்னரை, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, கழற்றினால் தடுக்க ஆளில்லாமல் மோட்டார் பிய்த்துக்கொண்டு சுற்றி, பல் சக்கரத்தைத் தின்றுவிடும்.

மணி சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு பஜாரில் பளபளக்கும் பித்தளைக் கொம்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை சமீபத்தில் ஒட்டவைத்தவை. கொம்பு புதிது, மரப்பெட்டி புதிது, நாய் படம் போட்ட பட்டையும் புதிது. மோட்டார் மட்டும் பழசு, அதுவும் தம்பி வைத்திருப்பது போன்ற சூட்கேஸ் பெட்டியின் வயிற்றிலிருந்து பிடுங்கியது. எத்தனை நல்ல பெட்டிகளை இதற்காகக் கிழித்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் உதிரி தேடுகிறவனுக்கு அங்கேதான் வழி. கொம்பு நசுங்கி, யாரும் சீந்தாத போலி ஒன்று மலிவாக வந்தால் உள்ளே திறந்து பாருங்கள். கவர்னர், பல் சக்கரம், ஸ்பிரிங், கைப்பிடி எல்லாம் அசல் அங்கே உட்கார்ந்திருக்கும். சவுண்ட் பாக்ஸை மட்டும் நம்பாதீர்கள். எழுத்து மழுங்கி, முலாம் தடித்து, மைக்காவுக்குப் பதில் பிளாஸ்டிக் இருந்தால் அது பட்டறைச் சரக்கு.

புதுக்கோட்டை பேரன்:

ஐயா, முதுகில் விரிசல் இல்லை. ரப்பரைக் குண்டூசியால் தொட்டேன், கறுப்பட்டி மாதிரி பொடிப்பொடியாக வந்தது. சைக்கிள் கடையில் டியூப் கேட்டதற்கு, “இப்போ யார் சார் இதைக் கேட்கிறா” என்று தேடி எடுத்து ஒரு முழம் சும்மாவே கொடுத்தார். மூன்றாவது தடவைதான் முனைகள் சேர்ந்தன. இரைச்சல் போயே போய்விட்டது! ஸ்பிரிங் கடிகாரக்காரரிடம் போயிருக்கிறது. இனி கைப்பிடிதான் பாக்கி.

சவுண்ட் சர்வீஸ் வீட்டுப் பிள்ளை, திண்டுக்கல்:

சபாஷ். மோட்டார் திரும்பி வந்ததும் வேகம் பாருங்கள். தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டி வைத்து எண்ண வேண்டும், நிமிடத்துக்கு 78 சுற்று. தட்டின் மேல் ஊசி ஓடும்போது எண்ணுங்கள், சும்மா சுற்றும்போது அல்ல. இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். சிக்கனம் பார்த்தால் தட்டு சாம்பலாகும். புது ஊசி இன்னும் விற்கிறார்கள்.

கைப்பிடியில் இரண்டு ஜாதி உண்டு. முனையில் திருகு போலப் புரி போட்டது ஒன்று, பிளவு வெட்டியது இன்னொன்று. எது என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

மயிலை மணி:

இரண்டு நாளாக யோசித்துவிட்டு நேற்று என் பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினேன். பலகை புது பிளைவுட். மோட்டார் தகட்டில் நாலு பழைய திருகுத் துளைகள், எதுவும் என் பெட்டியோடு பொருந்தவில்லை. 1910 என்று சொன்னவரை இனி எங்கே தேட! என் கைப்பிடி புரி போட்டது. உங்களுடையது?

புதுக்கோட்டை பேரன்:

புரிதான் சார்! விற்பீர்களா?

மயிலை மணி:

விற்க மாட்டேன். போலியோ என்னமோ, அது பாடுகிறது, என் பேத்தி அதற்கு ஆடுகிறாள். கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் துளையில் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் லேத்தில் அளவெடுத்துக்கொண்டு பத்து நாளில் திருப்பி அனுப்புங்கள்.